சட்டையைக் கழற்றினாலும் போகாதது

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் புதுக்குருக்களின் பேனர்கள் எழும். ராயபுரமோ பெரம்பூரோ, எல்லாம் ஒரே அமைப்புதான். வெள்ளை அங்கியில் கைகூப்பிய இளைஞர், கீழே பெற்றோரின் பெயர், குருப்பட்டம் பெறும் திருநிலைப்பாட்டு நாள், முதல் நன்றித் திருப்பலியின் நேரம், நடுவில் பெரிய எழுத்தில் "நீர் என்றென்றும் குருவே". பல ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர்களில் ஒருவர் பணியைவிட்டு விலகிவிட்டால், அதே தெரு "அவரு சட்டையக் கழட்டிட்டாரு, இப்ப சாமி இல்ல" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடும். தெருவுக்கே அறிவித்த "என்றென்றும்" எப்படி இடையில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. பேனரும் வம்பும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்று நினைக்கிறேன். நித்தியத்தை அந்த இளைஞரின் சொத்து என்று பேனர் கொண்டாடுகிறது; அந்தச் சொத்து பறிபோனது என்று வம்பு பேசுகிறது. அது முதலிலிருந்தே அவருடைய சொத்தாக இருந்ததில்லை.

அந்த வரி 110ஆம் திருப்பாடலின் நான்காம் வசனம். அரியணையில் அமர்த்தப்படும் அரசனை நோக்கி, "மெல்கிசெதேக்கின் முறைப்படி நீர் என்றென்றும் குருவே" என்று கடவுள் ஆணையிட்டுச் சொல்கிறார். எபிரேயர் திருமுகம் இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து பத்தாம் அதிகாரம்வரை தன் வாதத்தைக் கட்டுகிறது. அதை இயேசு ஒருவருக்கே பொருத்துகிறது. பேதுருவுக்கோ பவுலுக்கோ வேறு எந்தத் திருத்தூதருக்கோ புதிய ஏற்பாட்டில் ஒரு முறைகூட இந்த வசனம் சொல்லப்படவில்லை. திருநிலைப்பாட்டு அழைப்பிதழில் அதை அச்சிடுவது தவறென்று நான் சொல்லவில்லை. திருஅவையின் வழிபாடே அதைத் திருநிலைப்பாட்டுத் திருப்பலியில் பாடுகிறது. பாடும்போது கண் யாரைப் பார்க்கிறது என்பதே கேள்வி.

மலைமேல் ஓர் உடைமாற்றம்

எபிரேயர் ஆசிரியரின் வாதம் புரிய, அவர் எதை எதிரில் வைத்துப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை நூலின் 20ஆம் அதிகாரத்தில் ஆரோனின் சாவு வருகிறது. மோசே ஆரோனையும் அவர் மகன் எலயாசரையும் மலைமேல் கூட்டிச் செல்கிறார். ஆரோன் உயிரோடு இருக்கும்போதே அவருடைய குருத்துவ உடைகளைக் கழற்றி மகனுக்கு அணிவிக்கிறார். ஆரோன் அங்கேயே இறக்கிறார். இறங்கி வரும்போது இஸ்ரயேலின் தலைமைக் குரு எலயாசர். அந்தக் குருத்துவத்தில் உடை நிலைத்திருந்தது, அதற்குள் இருந்தவர் மாறிக்கொண்டே இருந்தார். இன்னொரு சட்டமும் இதே திசையில் கைகாட்டுகிறது. தெரியாமல் ஒருவரைக் கொன்றுவிட்டவர் அடைக்கல நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தலைமைக் குரு இறந்த பிறகுதான் சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்கிறது அதே நூலின் 35ஆம் அதிகாரம். தலைமைக் குருவின் சாவு சட்டப்படியே ஒரு காலத்தின் முடிவு.

ஆரோன் முதல் கி.பி. 70இல் எருசலேம் கோவில் எரியும்வரை 83 தலைமைக் குருக்கள் இருந்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எண்ணிச் சொல்கிறார். அவர்களில் 28 பேர் ஏரோது காலத்திலிருந்து முடிவுவரையான 107 ஆண்டுகளில் வந்தவர்கள் என்பதும் அவர் கணக்குதான். அரசர்களும் உரோமை ஆளுநர்களும் இஷ்டப்படி நியமித்தார்கள், இஷ்டப்படி இறக்கினார்கள். அன்னா பதவி இழந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் லூக்கா நற்செய்தி அவரையும் கயபாவையும் சேர்த்தே தலைமைக் குருக்கள் என்கிறது. எபிரேயர் திருமுகத்தைக் கேட்ட முதல் தலைமுறை இப்படிக் குருக்கள் மாறுவதைப் பார்த்துச் சலித்த தலைமுறை. அவர்களிடம்தான் 7:23 வசனம் சொல்கிறது: அந்தக் குருக்கள் பலராய் இருந்ததற்குக் காரணம், நிலைத்திருக்க முடியாதபடி சாவு அவர்களைத் தடுத்தது. இயேசு என்றென்றும் நிலைத்திருப்பதால் அவருடைய குருத்துவம் கைமாறுவதில்லை. இதே அதிகாரத்தின் 16ஆம் வசனம் இன்னும் கூர்மையானது. அவர் குருவானது குலம் பற்றிய சட்டத்தால் அல்ல, அழியாத வாழ்வின் வல்லமையால்.

குலம் என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது. இஸ்ரயேலில் வம்சாவளி இல்லாமல் குருத்துவம் இல்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் சில குருக் குடும்பங்கள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் கிடைக்காமல் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரம் பதிவு செய்கிறது. மெல்கிசெதேக்கோ தொடக்கநூல் 14இல் மூன்றே வசனங்களில் வந்து போகிறவர். சாலேமின் அரசர், உன்னத கடவுளின் குரு. அப்பமும் திராட்சை இரசமும் கொண்டு வருகிறார், ஆபிராமுக்கு ஆசி அளிக்கிறார், பத்தில் ஒரு பங்கு பெறுகிறார். தந்தை பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை, பிறப்பும் இறப்பும் சொல்லப்படவில்லை. யூதா குலத்தில் பிறந்த இயேசுவுக்கு ஆரோனின் பலிபீடத்தில் இடமில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அந்த வம்சாவளியற்ற குருவின் முறையில் எபிரேயர் ஆசிரியர் அவரை வைக்கிறார். புதிதாக வரும் பங்குத்தந்தை எந்தச் சாதி என்று விசாரிக்கும் வழக்கம் நம் பங்குகளில் இன்னும் சாகவில்லை. விசாரிக்கிறவர்கள் மெல்கிசெதேக்கு வசனத்தைப் பேனரில் போடும் உரிமையை இழந்துவிட்டவர்கள் என்பேன்.

இன்னும் ஒன்று. பழைய குரு நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார் என்கிறது 10:11. அடுத்த வசனத்தில் கிறிஸ்து ஒரே பலியை என்றைக்குமெனச் செலுத்திவிட்டு, கடவுளின் வலப்பக்கம் அமர்ந்துவிட்டார். அமர்ந்தவர் சும்மா இருக்கவில்லை; 7:25இன்படி நமக்காகப் பரிந்து பேசவே எந்நாளும் உயிர் வாழ்கிறார். நித்திய குருத்துவம் என்பதன் உள்ளடக்கம் இவ்வளவுதான், இவ்வளவும்தான்: மீண்டும் செலுத்தத் தேவையற்ற ஒரு பலி, ஓயாத ஒரு பரிந்துரை, சாகாத ஒரு குரு.

கைகள் பல, குரு ஒருவர்

சாகாத குரு ஒருவர் இருக்கும்போது சாகிற குருக்கள் எதற்கு? சீர்திருத்தத் திருச்சபையினர் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. கத்தோலிக்கப் பதிலைக் கத்தோலிக்கர்களே பல நேரம் தவறாகச் சொல்கிறார்கள். கிறிஸ்துவுக்குப் பின்வந்தவர்கள், அவர் இடத்தை நிரப்புகிறவர்கள் என்று சொன்னால் எபிரேயர் திருமுகம் அங்கேயே அதை மறுத்துவிடும். எலயாசர் வந்தது ஆரோன் போனதால். கிறிஸ்து போகவில்லை, ஆகவே அவருக்குப் பின்வந்தவர் என்று ஒருவர் இருக்க முடியாது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 1545ஆம் எண்ணில் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் கருத்தை எடுத்து வைக்கிறது: கிறிஸ்து மட்டுமே உண்மையான குரு, மற்றவர்கள் அவருடைய பணியாளர்கள். பீடத்தில் நிற்பவர் "இது கிறிஸ்துவின் உடல்" என்று அர்ச்சிப்பதில்லை, "இது என் உடல்" என்கிறார். பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவில் "கடவுள் மன்னிப்பாராக" என்று மட்டும் நிறுத்தாமல் "நான் விடுவிக்கிறேன்" என்கிறார். அந்த "என்", அந்த "நான்" இரண்டும் பேசுகிறவருடையவை அல்ல.

திருநிலைப்பாட்டுச் சடங்கைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். பூவிருந்தவல்லி குருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பல ஆண்டுப் படிப்பு முடித்து, குருவாவதற்கு முந்திய படியான திருத்தொண்டராகிக் குறைந்தது ஆறு மாதம் ஆகி, 25 வயது நிறைந்தவர்தான் குருவாகலாம் என்பது திருஅவைச் சட்டம். நற்செய்திக்குப் பின் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மறையுரை, வாக்குறுதிகள், ஆயரின் கைகளுக்குள் தன் கைகளை வைத்துக் கீழ்ப்படிதல் வாக்கு. பிறகு புனிதர் மன்றாட்டு முடியும்வரை தரையில் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். எழுந்து முழந்தாளிட்டதும் ஆயர் அவர் தலைமேல் இரு கைகளையும் வைக்கிறார். ஒரு சொல்லும் இல்லை. வந்திருக்கும் குருக்கள் ஒவ்வொருவராக வந்து அதே போல் கைவைக்கிறார்கள், அப்போதும் மௌனம். அதன்பின் ஆயர் திருநிலைப்பாட்டு மன்றாட்டைச் சொல்கிறார். கழுத்துத்துகிலும் திருவுடையும் அணிவிப்பது, உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசுவது, அப்பமும் இரசமும் கையளிப்பது, சமாதான முத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

நம் மக்கள் செல்பேசியை உயர்த்திப் படமெடுப்பது தைலம் பூசும்போதுதான். ஆனால் குருத்துவம் கொடுக்கப்படுவது அப்போது அல்ல. 1439இல் ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணை, கிண்ணத்தையும் தட்டையும் கையளிப்பதையே முக்கியச் செயலாகக் குறிப்பிட்டிருந்ததால் பல நூற்றாண்டுகள் இதில் குழப்பம் இருந்தது. 1947 நவம்பர் 30 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் முடிவு சொன்னார். கைகளை வைத்தலே செயல், மன்றாட்டின் குறிப்பிட்ட பகுதியே சொல். ஊழியருக்குக் குருத்துவ மாண்பைத் தரவும், தூய்மையின் ஆவியை அவருள் புதுப்பிக்கவும் கேட்கும் பகுதி அது. பரிசுத்த வாரத்தில் ஒலிவ எண்ணெயும் நறுமணப் பொருளும் சேர்த்து ஆயர் அர்ச்சித்த தைலம் அன்றைக்குக் கொண்டுவர மறந்துபோனாலும் அவர் குருதான். கைவைத்தல் விடுபட்டால் அவர் குரு அல்ல, மற்ற எல்லாம் குறையில்லாமல் நடந்திருந்தாலும்.

பிழை இதற்கும் வெகு முன்னால் நடந்திருக்கலாம். திருமுழுக்குப் பெறாதவர் ஒப்புரவு, குருத்துவம் போன்ற வேறெந்த அருளடையாளத்தையும் பெற முடியாது. 2020 ஆகஸ்டில், "நான் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் அளிக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று உரோமை அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றி வந்த ஓர் இளம் குரு, தன் குழந்தைப் பருவத் திருமுழுக்கின் காணொளியில் அதே "நாங்கள்" இருந்ததைக் கண்டறிந்தார். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் எல்லாவற்றையும் அவர் முதலிலிருந்து பெற வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு இத்தனை கடுமையா என்று பலர் கோபப்பட்டார்கள். அந்த "நான்" யாருடையது என்று தெரிந்தால் கோபம் தணியும். அருளடையாளத்தில் செயல்படுகிறவர் கிறிஸ்து ஒருவரே. கூடியிருப்பவர்களின் நல்லெண்ணம் அவர் இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது.

கறைபட்ட கையும் கறைபடாத முத்திரையும்

திருநிலைப்பாடு ஒருவரில் பதிக்கும் குறி ஒருபோதும் அழியாது என்பதே நிலைத்திருக்கும் முத்திரை என்ற கோட்பாடு. அது குருக்களைப் பெருமைப்படுத்தப் பிறந்தது அல்ல, கெட்ட குருக்கள் இருந்ததால் பிறந்தது. கி.பி. 303இல் தொடங்கிய தியோக்கிளேசியனின் கொடுமையில், மறைநூல் படிகளைப் படைவீரர்களிடம் ஒப்படைத்து உயிர்தப்பியவர்களில் ஆயர்களும் இருந்தார்கள். கொடுமை ஓய்ந்தபின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் செசிலியன் ஆயரானார். அவர்மேல் கைவைத்தவர்களில் ஒருவர் நூலை ஒப்படைத்தவர் என்று குற்றம் சாட்டி, அந்தத் திருநிலைப்பாடே செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்தது. அவர்களே தொனாத்தியர். 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், ஒப்படைத்தவர் கையால் பெற்ற திருநிலைப்பாடும் செல்லும் என்றது. ஆனாலும் பிளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

தொனாத்தியரின் கவலையைக் குறைத்து மதிக்க மாட்டேன். தூய்மையற்றவரிடமிருந்து தூய்மை எப்படி வரும்? ஆனால் அவர்கள் வழியில் போனால் விசுவாசிக்கு ஒருநாளும் நிம்மதி இல்லை. உன் பாவத்தை மன்னித்தவர் அன்று அருள்நிலையில் இருந்தாரா, அவரைத் திருநிலைப்படுத்தியவர், அவருக்கு முந்தியவர் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் படைவீரரின் அடையாளத்தை எடுத்துக்காட்டினார். உரோமைப் படையில் சேர்ந்தவர் உடலில் ஒரு குறி இடப்படும். படையைவிட்டு ஓடிப்போனாலும் குறி போகாது. மன்னிப்புப் பெற்றுத் திரும்பினால் மறுபடி குத்துவதும் இல்லை. பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார், யூதாசு கொடுத்தாலும் கிறிஸ்துவே கொடுக்கிறார் என்று யோவான் நற்செய்தி உரையில் அவர் சொன்னார். குறி படைவீரருக்குச் சொந்தமானதல்ல, அவர் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்வது.

திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கின்றன, ஆகவே மீண்டும் கொடுக்கப்படக் கூடாதவை என்று 1547இல் திரிதெந்து சங்கம் வரையறுத்தது. ஒருமுறை குருவானவர் மறுபடி பொதுநிலையினர் ஆகலாம் என்பதை 1563இல் அதே சங்கம் மறுத்தது.

சட்டம் 976

இத்தனைக்குப் பிறகும் கோட்பாடு நூலகத்திலேயே இருந்துவிடலாம். அதை மருத்துவமனைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவது 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தொகுப்பின் ஒரு சின்னச் சட்டம். என் எண்ணம் முழுவதும் திரும்பியது அங்கேதான்.

விலகும் குருவுக்கு என்ன ஆகிறது என்பதைச் சட்டங்கள் 290 முதல் 293 வரை சொல்கின்றன. செல்லுபடியாகப் பெற்ற திருநிலைப்பாடு ஒருபோதும் செல்லாததாகாது. இழக்கக்கூடியது திருப்பணியாளர் நிலை, அதாவது குருவாகப் பணியாற்றும் சட்ட நிலை. தண்டனையாகவோ, அவரே வேண்டி உரோமையின் ஆணை பெற்றோ அது போகலாம். திருமணம் செய்யாமல் வாழும் மணத்துறவுக் கடமையிலிருந்து தனியாக விடுவிக்கத் திருத்தந்தைக்கு மட்டுமே அதிகாரம். அந்த ஆணை வந்ததும் பதவிகள், உரிமைகள், பணிப்பொறுப்புகள் எல்லாம் போய்விடும். திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கூடாது, மறையுரை ஆற்றக் கூடாது, நற்கருணை வழங்கும் பொதுநிலைப் பணியாளராகக்கூட நிற்கக் கூடாது, குருத்துவக் கல்லூரியில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது.

தடையை மீறினால் நடப்பது செயலுக்குச் செயல் மாறுபடும்; மக்கள் குழம்புவதும் இங்கேதான். அப்படிப்பட்டவர் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி சட்டமீறல், ஆனால் செல்லும்; அப்பம் உண்மையிலேயே அர்ச்சிக்கப்படுகிறது. அவர் நலமாக இருப்பவருக்குக் கொடுக்கும் பாவமன்னிப்புச் செல்லாது, ஏனெனில் அதற்குத் திருநிலைப்பாடு மட்டும் போதாது, ஆயர் தரும் அதிகாரமும் வேண்டும். அவர் நடத்தி வைக்கும் திருமணமும் அதே காரணத்தால் செல்லாது. தெரிந்தவர், குடும்ப நண்பர் என்று விலகிய குருவை அழைத்து மண்டபத்தில் திருமணம் வைத்தவர்கள், பிள்ளையின் திருமுழுக்குக்குச் சான்றிதழ் கேட்கும்போதுதான் சிக்கலை உணர்கிறார்கள்.

சட்டம் 976 இதையெல்லாம் ஒரே ஒரு நிலையில் ஒதுக்கி வைக்கிறது. சாவு ஆபத்தில் இருப்பவரை எந்தக் குருவும், அதிகாரம் இல்லாதவரும், எல்லாப் பாவங்களிலிருந்தும் தண்டனைத் தடைகளிலிருந்தும் செல்லுபடியாகவும் முறைப்படியும் விடுவிக்கிறார். அதிகாரம் உள்ள இன்னொரு குரு பக்கத்திலேயே இருந்தாலும்கூட. 292ஆம் சட்டம் திருப்பணியாளர் நிலையை இழந்தவருக்கு எல்லாக் கதவையும் சாத்தும்போது இந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் திறந்து வைக்கிறது. 986ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அதற்கும் மேலே போகிறது. சாவு ஆபத்தில் எந்தக் குருவும் ஒப்புரவு கேட்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அனுமதி என்று சொல்லவில்லை, கடமை என்கிறது.

ஸ்டான்லி மருத்துவமனையில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் மூச்சுத் திணறிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்குத்தந்தையின் செல்பேசி எடுக்கப்படவில்லை. அடுத்த கட்டிலின் நோயாளியைப் பார்க்க வந்தவர் இருபது ஆண்டுகளுக்கு முன் விலகி, திருமணம் செய்து, தனியார் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தெரு அவரைச் சாமி இல்லை என்றுவிட்டது. திருஅவையின் சட்டம் அவரைப் பார்த்து, போ, அது உன் கடமை என்கிறது. அவர் கேட்பது உண்மையான பாவசங்கீர்த்தனம், அவர் தருவது உண்மையான மன்னிப்பு, கேட்டதை வெளியே சொல்லாமல் காப்பதற்கும் அவர் கட்டுப்பட்டவர். அவருடைய தகுதியை அந்தக் கணத்தில் யாரும் விசாரிப்பதில்லை. சாகாத குரு ஒருவர் தம் மக்களில் ஒருவரையும் கைவிடாமல் இருக்க, கிடைத்த கையைப் பயன்படுத்துகிறார். அழியாத முத்திரை யாருக்காக என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அது கட்டிலில் கிடப்பவருக்காக.

நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சாவு ஆபத்து என்பது கடைசி மூச்சு மட்டும் அல்ல. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் கடும் நோயிலும் பொருந்தும். பேச முடியாதவர் தலையசைத்தோ கையை அழுத்தியோ மனவருத்தத்தைக் காட்டினால் போதும். நினைவிழந்தவருக்கும் நிபந்தனையோடு மன்னிப்பு அளிக்கலாம். செல்பேசியிலோ வாட்ஸ்அப் அழைப்பிலோ பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. குரு நேரில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோதுகூட உரோமை சொன்னது, தேவைப்பட்டால் வார்டின் வாசலில் நின்று ஒலிபெருக்கி வைத்தாவது பொது மன்னிப்பு அளிக்கலாம் என்றுதான். 976 பேசுவது ஒப்புரவைப் பற்றி. ஆகவே நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலுக்கும் நற்கருணைக்கும் பங்குத்தந்தையை அழைக்கும் முயற்சியை விடக் கூடாது. நோயில்பூசுதலைச் சாகிறவருக்கான அவஸ்தைப்பூசுதல் என்று எண்ணும் பழைய பயத்தில் கடைசி நேரம்வரை தள்ளிப்போடுகிற குடும்பங்கள்தான் அதிகம். எந்தக் குருவும் கிடைக்கவே இல்லையென்றால், கடவுள்மேல் கொண்ட அன்பினால் எழும் முழு மனவருத்தமும், முடிந்ததும் ஒப்புரவுக்குப் போவேன் என்ற உறுதியும் சாவான பாவம் எனப்படும் பெரும்பாவத்துக்கும் மன்னிப்புப் பெற்றுத்தரும் என்று மறைக்கல்வியின் 1452ஆம் எண் சொல்கிறது. இதைக் கட்டிலருகே நிற்கும் மகளோ மகனோ காதில் சொல்லி மனத்துயர் செபத்தைச் சொல்லவைக்கலாம். பங்கின் சிறு குழுக்களான அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இதே கோட்பாட்டைக் கேடயமாக்கியவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. "அவர் என்றைக்கும் குரு, அபிஷேகம் பெற்றவர், அவரைத் தொடாதே" என்று சொல்லி, சிறாரிடம் குற்றம் இழைத்தவர்களை மறைத்த வரலாறு உலகெங்கும் உண்டு. அது கோட்பாட்டைத் தலைகீழாகப் பிடிப்பது. முத்திரை எந்தப் பதவிக்கும் உரிமை தருவதில்லை. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தண்டனைச் சட்டங்களில் 1398ஆம் சட்டம், இத்தகைய குற்றத்துக்குத் திருப்பணியாளர் நிலையிலிருந்தே நீக்குவதுவரை தண்டனை விதிக்கிறது. நாட்டின் நீதிமன்றம் தனியாக இருக்கிறது. மக்களுக்காகத் தரப்பட்டதை மக்களுக்கு எதிராகத் திருப்புகிறவருக்கு அந்த முத்திரையே முதல் சாட்சி.

ஆரோன் என்ற தமிழ்ப் போதகர்

சென்னையில் இந்தக் கேள்வியைக் கத்தோலிக்கர் மட்டும் பேசி முடிக்க முடியாது. 1520இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அழியாத முத்திரையைக் கற்பனை என்று தள்ளினார். திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் குருக்களே, போதகர் ஒரு பொறுப்பை வகிப்பவர், பொறுப்பு நீங்கினால் மற்றவர்களைப் போன்ற குடிமகன் என்றார். அவர் மரபில் 1733இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ்ப் போதகர் அபிஷேகம் பெற்றார். அவர் பெயர் ஆரோன். மலைமேல் உடை கழற்றப்பட்டவரின் பெயரோடு, ஆரோனின் குருத்துவம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் ஊழியத்துக்கு வந்தவர். 1 பேதுரு 2:9இன் "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் ஒலிக்கும் அளவுக்கு நம் கத்தோலிக்க மறையுரைகளில் ஒலிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். திருமுழுக்கின் பொதுக் குருத்துவத்துக்குத் தொண்டு செய்யவே திருப்பணிக் குருத்துவம் இருக்கிறது என்று நம் மறைக்கல்வியே சொல்கிறது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது இந்தக் கேள்வி மேடையேறியது. ஆயர் மரபுள்ள ஆங்கிலிக்கரும், அது இல்லாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினரும் ஒன்றானார்கள். ஆயரின் கைவைத்தல் இல்லாமல் வந்த போதகர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டுமா? வேண்டாம், உள்ளபடியே ஏற்கிறோம், இனி வருகிறவர்களுக்கு ஆயர் கைவைப்பார் என்று முடிவானது. ஊழியம் முழுவதும் ஒரே முறைக்குள் வர முப்பது ஆண்டு இடைக்காலம் வகுத்தார்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்க மரபை ஒட்டி நின்ற உயர்சபை ஆங்கிலிக்கர் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். கத்தோலிக்கனாக எனக்கும் அந்தத் தீர்வில் உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் மறுஅபிஷேகத்தைத் தவிர்த்த தயக்கத்துக்குள், கடவுள் ஒருமுறை கொடுத்ததை இரண்டாம்முறை கொடுப்பதுபோல் நடிக்கக் கூடாது என்ற அச்சம் இருப்பதைப் பார்க்கிறேன். அகுஸ்தீனுக்கு இருந்ததும் அதுதான்.

பலி முடிந்த பிறகு

விண்ணகத்தில் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. வெளிப்பாடு 21இன்படி அந்த நகரில் கோவிலும் இல்லை. அங்கே குருவின் முத்திரைக்கு என்ன வேலை? அக்குவினாசு இதைத் தவிர்க்காமல் எடுத்துக்கொள்கிறார். வெளிவழிபாடு முடிந்தாலும் அதன் நோக்கம் முடிவதில்லை. முத்திரை நல்லவர்களிடம் மகிமையாகவும் தீயவர்களிடம் வெட்கமாகவும் தங்கும், போர் முடிந்தபின் வென்றவரிடமும் தோற்றவரிடமும் படைக்குறி தங்குவதுபோல. குருப்பட்ட விழாக்களில் இந்த வாக்கியத்தின் முதல் பாதியைக்கூட யாரும் சொல்வதில்லை, இரண்டாம் பாதியைச் சொல்லவே மாட்டார்கள். நரகத்திலும் ஒருவர் குருவாகவே இருப்பார் என்பதை 25 வயது இளைஞர் தரையில் முகங்குப்புற விழுவதற்கு முன் அறிந்திருப்பது நல்லது.

கிறிஸ்துவின் குருத்துவம் அங்கே எப்படித் தொடரும் என்பதற்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். பலி செலுத்துவது ஒன்று, பலியின் நிறைவு இன்னொன்று. அந்த நிறைவு, பலியின் பயனைப் பெற்றவர்கள் கடவுளோடு ஒன்றாவது. மீட்கப்பட்டவர்களுக்கு அங்கே பரிகாரம் தேவைப்படாது, ஆனால் அவர்களுடைய மகிமை கிறிஸ்துவிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்த மகிமையில் திருநிலை பெற்றவரும் பெறாதவரும் ஒரே கையிலிருந்து வாங்குகிறவர்கள். 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுத்த பங்குத்தந்தையும், அவரிடம் ஐம்பது ஆண்டு பூசை கண்ட மீனவப் பெண்ணும், விலகிப்போய் நள்ளிரவில் ஒருவருக்கு மட்டும் குருவாய் நின்றவரும் அங்கே கையேந்துவது ஒரே குருவிடம்.